ஓதம்

சுவரில் ஈரம் ஏறுவதைச் செங்கல்பட்டு வட்டாரத்துக் கொத்தனார்கள் ‘ஓதம்’ என்கிறார்கள். ‘ஓதம் ஏறிக்கினு வருது’ என்று சொல்லிவிட்டுச் சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். வகுப்பறையில் இந்தச் சொல்லைக் கடலோடு சேர்த்தே சொல்லிப் பழகியவள் நான். நெய்தல் பாடல்களில் ஓதம் என்பது கரையேறி வரும் நீர், ஆழ்வார்களிடத்திலும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியோ ஈரம், வெள்ளம், கடல், அலை என்று எல்லாப் பொருளையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வைத்திருக்கிறது. பாட்டில் கடலாக இருந்தது சமையலறையில் ஈரமாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும். உப்பு இரண்டிலும் உண்டு என்பதால் நம் முன்னோர் இவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை போலும் என்பது என் ஊகம். மொழிநூலார் கோபிக்கலாம்.

அம்மா தனியே வசிக்கும் வீட்டை நாங்களே மராமத்துச் செய்தது பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மொட்டை மாடியில் ஏறினால் கொளவாய் ஏரி தெரியும் இடத்தில், 1987இல் கட்டப்பட்ட பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் அது. மூன்று தளம், தளத்துக்கு நான்கு வீடு, மின்தூக்கி கிடையாது. ரயில்வேயில் எழுத்தராக இருந்த அப்பா கடன் போட்டு மேல்தளத்தில் ஒன்றை வாங்கினார். மேல்தளம் விலை குறைவு. மொட்டை மாடி கைக்கு எட்டும் என்பது அவர் கணக்கு. வெயிலும் மழையும் முதலில் வந்து சேரும் இடமும் அதுதான் என்பது அந்தக் கணக்கில் எழுதப்படாத வரி.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் பெய்து ஓய்ந்த மறுநாள், சமையலறைக் கூரையிலிருந்து தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. அம்மா அப்போது கூடத்தில் இருந்தார். மேலே துருப்பிடித்த கம்பி இரண்டு விலா எலும்பு போலத் தெரிந்தன. அதற்கு முன்பே சுவர்களில் இடுப்பளவுக்கு வெள்ளை பூத்து, வண்ணப்பூச்சு அப்பளம்போல் பொரிந்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டிவிட்டு மேலே பூசுவது வழக்கம். தீபாவளிக்குப் பூசினால் பொங்கலுக்குப் பொரியும்.

அடுத்த சில வாரங்களில் ஒரு கட்டுமான நிறுவனத்தார் வந்தார்கள். மொத்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டு ஐந்து தளம் எழுப்பி, ஆளுக்கொரு புதிய வீடு தருவதாகச் சொன்னார்கள். மின்தூக்கி உண்டு, வாகன நிறுத்தம் உண்டு, கட்டி முடிக்கும்வரை வாடகையும் தருவார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்ககச் சொத்துரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்று அது வழி செய்கிறது. முன்பெல்லாம் ஒருவர் பிடிவாதமாக இருந்தாலே எல்லாம் நின்றுபோகும். பன்னிரண்டில் எட்டு வேண்டும். ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எட்டாவதாக அம்மாவிடம் வந்தார்கள்.

இடிக்க வேண்டும் என்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதல் தளத்தில் ஒருவருக்கு முழங்கால் அறுவை முடிந்து படியேற முடியாது. தரைத்தளத்தார் வீட்டில் மழைக்காலத்தில் கழிவுநீர் எதிர்த்து வரும். அம்மாவுக்கும் எழுபத்திரண்டு வயது. மின்தூக்கி என்ற சொல் என் காதில் இனிமையாகவே விழுந்தது. ஆனால் அம்மா கேட்டார்: “வாடகைக்குப் போய் மூணு வருசம் இருந்து திரும்பி வரணும்னா எனக்கு எத்தன வயசாவும்? திரும்பி வருவனா?” இதற்கு ஒப்பந்தத்தில் விடை இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, மாமல்லபுரத்துக்காரர், கொத்தனார். அவரைத்தான் அம்மா கூப்பிட்டார். “ஒடைக்கணும்னா ஒடைக்கலாம்டா. ஒடைக்கத்தான் வேணுமான்னு நீ வந்து பாத்து சொல்லு.” மாமா வந்து சுவரைப் பார்க்கவில்லை. நேரே மொட்டை மாடிக்கு ஏறினார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைகளில் விரலை விட்டுப் பார்த்தார். தட்டோடுகளைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே நடந்தார். பாதி இடம் ‘டொக்கு டொக்கு’ என்று உள்ளீடற்றுக் கேட்டது. பிறகுதான் சொன்னார்: “தண்ணி எங்கருந்து வருதுன்னு பாக்காம சொவத்த ஒடைச்சா, ஒடைச்சிக்கினே இருக்க வேண்டியதுதான் கண்ணு.”

மாமாவின் சொல்லை மட்டும் நம்பிக் கூரைக்குக் கீழே அம்மாவை விட்டுவைக்க முடியாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரையும் அழைத்தோம். அவரும் ஏறக்குறைய அதையேதான் வேறு மொழியில் சொன்னார். தூண்களும் உத்தரங்களும் திடமாக உள்ளன; நோய் தளத்தின் அடிப்புறத்தில் சில இடங்களில்; மேலிருந்து இறங்கும் நீரை நிறுத்தினால் அதைச் சரிசெய்யலாம். அந்த ஓர் ‘ஆனால்’தான் எங்கள் வேலைக்கு அடித்தளம்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மொட்டை மாடி எங்களுடையது அல்ல, பன்னிரண்டு பேருடையது. வீட்டுக்குள் விழும் காரை எங்களுடையது. அதை விழவைக்கும் நீர் பொதுச்சொத்தின் வழியே வருகிறது. ‘இடிக்கப்போகிற கட்டடத்துக்கு எதற்குத் தண்டச்செலவு’ என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விபோலத் தோன்றினாலும் அது தன் விடையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் கேள்வி. செலவு செய்யாவிட்டால் இடிக்கத்தான் வேண்டியிருக்கும். இடிப்பதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது பன்னிரண்டு பேருக்கும் மனப்பாடம். தளத்தை மராமத்துச் செய்ய யார் முதலில் கையைக் கொடுப்பது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

மராமத்து என்பது அரபு, உருது வழியாக வந்த சொல். மறைமலையடிகள் பெயரில் நகரம் அமைந்திருக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதற்கு ஈடான தமிழ்ச்சொல் என் நாவில் வரவில்லை. ‘திருப்பணி’ கோயிலுக்கு, ‘பராமரிப்பு’ அலுவலகக் கோப்புக்கு. குடிகளின் உழைப்போடு இந்த அயற்சொல்லைச் சேர்த்துக் ‘குடிமராமத்து’ என்று ஆக்கிக்கொண்ட ஊர்கள் இவை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தப் பதிவுகளில், விளைச்சலைப் பங்கிடுவதற்கு முன்பே ஏரிக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் இவ்வளவு என்று நெல் ஒதுக்கிய விவரம் இருக்கிறது. எல்லோரும் எடுத்துக்கொண்டு மிஞ்சியதில் ஏரிக்குக் கொடுப்பது அல்ல. ஏரிக்கு எடுத்துவைத்துவிட்டு மிஞ்சியதைப் பங்கிடுவது. அந்த ஊர்களில் சாதிக் கொடுமை இல்லையா என்று கேட்டால், நிறையவே இருந்தது. பழமையைப் பொன்னாக்கிக் காட்டுவது என் நோக்கமில்லை. நீர் நிற்கும் இடம் எல்லோருக்கும் பொது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் அடுக்ககத்தில் மாதப் பராமரிப்புத் தொகை, வாயிற்காப்பாளர் சம்பளமும் மோட்டார் மின்கட்டணமும் போக, ஒருபோதும் மிஞ்சியதில்லை.

கடைசியில் மேல்தளத்து நான்கு வீடுகளில் மூன்று சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொண்டோம். நான்காவது வீடு பூட்டிக் கிடந்தது. உரிமையாளர் பெங்களூரில் இருக்கிறார், இடிக்கக் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர். செய்வதானால் செய்துகொள்ளுங்கள் என்று சங்கம் எழுதிக் கொடுத்தது.

2024 மே மாதம் கல்லூரி விடுமுறையில் வேலை தொடங்கியது. மறைமலைநகரில் வேலை பார்க்கும் என் தம்பி வார விடுப்பு நாட்களில் வந்தான். வேதியியல் இளங்கலை படிக்கும் என் மகளும் வந்தாள். கணவர் கலவை சுமந்தார், இரண்டு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தார், மீண்டும் வந்தார். கூலிக்கு இரண்டு பெரியாட்கள், இரண்டு சித்தாட்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் பழைய தட்டோடுகளைப் பெயர்த்தோம். அடியில் இருந்த சுண்ணாம்புத் தளம் கையால் பிசைந்தால் உதிர்ந்தது.

அந்தத் தளம் என்பது தமிழ்நாட்டுக் கட்டடங்களின் பழைய பாடம். கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து பரப்பி, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு என்பது பொதுப்பணித்துறை விகிதம். மாமாவுக்கு அது வாய்ப்பாடு. இப்போது வேதிப்பூச்சு அடித்துவிட்டு ஒரே நாளில் முடித்துக்கொடுக்கிறார்கள். அதுவும் நல்லதுதான் என்று மாமா சொல்லத் தயங்கவில்லை. “ஆனா வெயில்ல அது வெடிச்சா மறுபடியும் அத்தயேதான் வாங்கணும். இது ஒக்காந்து அடிச்சா போதும்.” கடுக்காயை ஊறவைத்த நீரில் வெல்லம் கரைத்துத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். இத்தனை நாள் என்று கணக்கில்லை. கட்டை துள்ளி எழுந்து சத்தம் கணீரென்று மாறும்வரை.

அம்மா மாடிக்கு வந்தது மூன்றாம் நாள். வந்து முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சித்தாள் பெண் ஒருத்தியிடமிருந்து கட்டையை வாங்கி அடிக்கத் தொடங்கினார். என் தாத்தாவும் கொத்தனார் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மா திருமணத்துக்கு முன் அவரோடு சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரயில்வே எழுத்தரின் மனைவி ஆனபின் அதைச் சொல்ல வாய்க்கவில்லை, அல்லது சொல்லும் இடம் எங்கள் வீட்டில் இல்லை. அடிக்கும்போது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாடுவார்களாம். பாட்டு நினைவில்லை, அடி மட்டும் நினைவிருக்கிறது என்றார். இரண்டு மெல்ல, ஒன்று ஓங்கி. சித்தாள் பெண்கள் இருவரும் சற்று நேரத்தில் அந்த அடிக்கு வந்துவிட்டார்கள். பாட்டு இல்லாமலே அது ஒழுங்காக நடந்தது.

தளத்துக்கு மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம் கொடுத்து, மூலைகளை வளைவாகப் பூசி, புதுத் தட்டோடு பதித்து முடிக்க மே கடந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்தோம். கீழே சொட்டவில்லை.

அடுத்தது கூரையின் அடிப்புறம். இதை நாங்கள் செய்யவில்லை. பொறியாளர் அனுப்பிய ஆட்கள் முட்டுக் கொடுத்து, தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி, கம்பியை வெள்ளிபோல் பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, அதற்கான கலவையால் மூடினார்கள். புதிய கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை மிகுதி. அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்நுழைந்து காரத்தைக் குறைக்கிறது. அதனோடு நீரும் சேர்ந்தால் கம்பி துருவேறும். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளித் தள்ளிக் காரையை உதிர்த்துவிடும். இதே கரியமில வாயுவைக் காற்றிலிருந்து குடித்துத்தான் சுண்ணாம்புப் பூச்சு மீண்டும் கல்லாக இறுகுகிறது என்று மகள் விளக்கினாள். கம்பி போட்ட கட்டடத்துக்கு எமனாக இருப்பது சுண்ணாம்புக்குத் தாய்ப்பால். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் மேலும் அடியுமாக இருக்கின்றன.

இனி சுவர். மாமா இளவயதில் சில ஆண்டுகள் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பணியில் தினக்கூலியாக இருந்தவர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய கோயில்; 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் மாமல்லபுரத்தோடு சேர்ந்தது. அலை அடிக்காமல் கற்பாறை கொட்டியிருக்கிறார்கள், காற்றைத் தடுக்கச் சவுக்கு வைத்திருக்கிறார்கள். ஆயினும் உப்புக்காற்று கல்லுக்குள் போய் உறைந்து, படிகமாகிப் பருத்து, சிற்பத்தின் முகத்தைப் பொடியாக்குகிறது. அதற்கு அங்கே செய்யும் வைத்தியம் எளிமையானது. காகிதக்கூழைத் தூய நீரில் குழைத்துக் கல்லின் மேல் அப்பிவிடுவார்கள். கூழின் நீர் உள்ளே சென்று உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது உப்பு நீரோடு வெளியேறிக் கூழில் வந்து தங்கும். காய்ந்த கூழை உரித்தெடுத்தால் உப்பும் கூடவே போகும். மீண்டும் அப்புவார்கள். கடல் அங்கேயேதான் இருக்கிறது என்பதால் இதற்கு முடிவு கிடையாது.

“கல்லுக்குச் செய்யறத சொவத்துக்குச் செய்யக்கூடாதுன்னு எதுனா இருக்குதா?” என்றார் மாமா.

சமையலறைச் சுவரின் பழைய சிமெண்டுப் பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தினோம். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்திருந்தது. கொத்தக் கொத்த மழைக்கால வாசனை வந்தது. அச்சடித்த தாள் கூடாது, மை இறங்கும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மகள் தன் பள்ளி நோட்டுகளில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்தாள். எத்தனை பக்கம் எழுதாமல் விட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. தாளை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்டினோம்; அம்மா பிறகு அந்தக் கல்லை நான்கு முறை கழுவினார். கூழ் ஒரு வாரத்தில் காய்ந்து விளிம்பு சுருண்டது. உரித்த கூழில் ஒரு துண்டை வடிநீரில் ஊறவைத்து மகள் வெள்ளி நைட்ரேட்டு இரண்டு சொட்டு விட்டாள். தயிர் திரிந்ததுபோல் வெண்படிவு இறங்கியது. இரண்டாம் முறை குறைந்தது. மூன்றாம் முறை பால் கலந்த நீர்போல ஒரு மங்கல் மட்டும். வகுப்பில் எத்தனையோ முறை செய்த சோதனைதான், ஆனால் பாட்டி வீட்டுச் சுவர் விடை சொல்வது வேறு என்றாள்.

முப்பத்தேழு ஆண்டுக்கு முன் அந்தச் சுவருக்குள் உப்பு எப்படிப் போனது? பாலாற்று மணல் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பாலாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் இங்கிருந்து வெகுதூரமில்லை. மணல் ஆற்றின் எந்த முனையில் அள்ளப்பட்டது என்று யார் பார்த்தார்கள். உப்புநீர்க் கிணற்றில் கலவை குழைத்திருக்கவும் கூடும் என்றார் மாமா. செங்கல்லிலேயே உப்பு இருந்திருக்கலாம். இந்த விசாரணையை இதற்குமேல் நாங்கள் நடத்தவில்லை.

பூசுவதற்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்க மாமாவோடு கடற்கரைப் பக்கம் போன ஞாயிற்றுக்கிழமை, சாளுவன்குப்பத்தில் இறங்கினோம். 2004 ஆழிப்பேரலை வடிந்தபின் பாறை ஒன்றில் வெளிப்பட்ட கல்வெட்டுகளைப் பிடித்துக்கொண்டு போய், 2005இல் தொல்லியல் துறையினர் தோண்டிக் கண்ட முருகன் கோயில் அது. மேலே பல்லவர் காலக் கருங்கல் கோயிலின் எச்சம். அதற்கு அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில். செங்கல் கருவறைக்குள் மணலை நிரப்பி, கற்பலகையால் மூடி, அதன்மேல் தங்கள் கோயிலை எழுப்பியிருக்கிறார்கள் பல்லவர். இடிக்கவும் இல்லை, பழுதுபார்க்கவும் இல்லை. மாமா வேலிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, செங்கல் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை மட்டும் சொன்னார்.

சுட்ட கிளிஞ்சலை இரும்புப் பீப்பாயில் நீர் ஊற்றி நீற்றியபோது கொதித்துப் புகைந்தது. மூன்று வாரம் நீருக்கடியில் வைத்திருந்து, வெண்ணெய்போல் ஆனபின் சலித்த மணலோடு சேர்த்து மாமா பூசினார். தம்பி ஒரு சுவரைத் தான் பூசுவதாகக் கேட்டு வாங்கினான். அந்தச் சுவரில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்காது. அம்மாவுக்கு அதுதான் பிடித்த சுவர்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. செங்கல்பட்டிலும் விடாமல் பெய்தது. நானும் மகளும் அம்மாவோடு இருந்தோம். கூரையில் சொட்டு இல்லை. சமையலறைச் சுவர் காய்ந்தே இருந்தது. மறுநாள் காலையில் படுக்கையறையின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மாறியிருந்தது. அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெங்களூர்க்காரரின் வீடு.

தொலைபேசியில் அவரிடம் பேசினேன். இடிக்கத்தானே போகிறோம் என்றார் மரியாதையாக. இடிக்கிறவரை அம்மா அந்தச் சுவரை ஒட்டித்தான் படுக்கிறார் என்றேன். ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு, பொங்கல் முடிந்து, ஒரு குறிப்பும் இல்லாமல் சாவி கூரியரில் வந்தது. எட்டாவது கையெழுத்துக்காக அந்த நிறுவனத்தார் இதற்குள் இரண்டு முறை வந்துபோயிருந்தார்கள். அம்மா இல்லை என்றும் சொல்லவில்லை, கையெழுத்தும் போடவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார்.

மாமா வந்தார். பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்தபோது பூட்டிய வீட்டின் காற்று முகத்தில் மோதியது. குளியலறை வடிகாலைத் துணியால் அடைத்து, தரையில் ஐந்து வாளி நீர் ஊற்றினார். மறைந்த இடத்தில் நீர் நடக்கும் வழியைத் தெரிந்துகொள்ள ஒரு சிட்டிகை மஞ்சள் கரைத்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் படுக்கையறையில் அம்மா நாற்காலி போட்டுக்கொண்டு சுவரில் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“வந்துச்சுடா தம்பி,” என்று அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி குரல் கொடுத்தார். “மூலைக்குழாய் கிட்டருந்துதான் வருது. கைய வெச்ச எடம் ஜில்லுன்னு ஆவுது.”